பவுனம்மாளின் செருப்பு

எழுபத்திரண்டு மணி நேரமாக ஊர்த்தெருவில் ஆளே இல்லை. ஊர்க்காரர்கள் எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு மேல்மலையனூர்த் தேருக்குப் போயிருந்தார்கள்.

சேரியிலிருந்து செஞ்சி பஸ்ஸுக்குப் போக அந்தத் தெருதான் வழி. சேரிக்காரர்கள் அதில் செருப்பு போடக் கூடாது. போன வருஷம் போட்டு நடந்தவனைப் புளியமரத்தில் கட்டி வைத்து அடித்தார்கள்.

அந்த மூன்று நாளும் தனகோட்டி ஜம்மென்று செருப்போடு நடந்தான். அவன் மனைவி பவுனம்மாள் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தாள்.

"காலு கொப்புளிச்சிப் போச்சு. போட்டுக்கயேன் பவுனு. தெருவுல நாய்கூட இல்ல."

"வேணாம்யா."

"வெறுந்தெருவுக்கே இப்படி பயந்தா, ஆளப் பாத்தா நீ பறந்துதான் போவணும்."

நாலாம் நாள் காலை வண்டிகள் திரும்பிவிட்டன. வாசலுக்கு வாசல் ஆள் நின்றது. தனகோட்டி தன் செருப்பைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

பவுனம்மாள் தெருமுனையில் நின்றாள். செருப்பைக் கீழே போட்டு நிதானமாகக் காலை நுழைத்தாள்.

தனகோட்டி அவள் கையைப் பிடித்தான். "இன்னாடி இது? யாருமே இல்லாதப்ப போடாம, இப்பப் போயி..."

"யாரும் பாக்காதப்ப போட்டா அது திருட்டுய்யா. கைய விடு. இவங்க வரட்டும்னுதான் மூணு நாளா காத்துகினு இருந்தேன்."