உள்ளாள்

"உள்ளாள் இல்லாம இது நடக்காது மேடம். இந்தப் பொண்ணை உக்கார வச்சு விசாரிங்க, அம்புட்டும் வெளிய வரும்!"

அப்பளக் கம்பெனி முதலாளி மொக்கையன் போட்ட சத்தத்தில் ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. அவர் கம்பெனியில் கணக்கு எழுதும் முத்துமீனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சேர்ந்து இரண்டு மாதம்தான். அதற்குள் திருட்டுப் பட்டம்!

"நீ சொல்லும்மா, என்ன நடந்துச்சு?" என்றார் எஸ்.ஐ. ஹாஜரா.

"நேத்து போன் வந்துச்சு மேடம். 'வாடிப்பட்டி மாவு மில் தமிழ்மாறன் பேசுறேன், பேங்க் அக்கவுண்ட்டை மாத்தியாச்சு, இந்த மாச பில்லைப் புதுசுல போட்டு விடுங்க'ன்னாரு. வாட்ஸ்அப்ல பில்லும் வந்துச்சு. நாலு லட்சம். அனுப்பிட்டேன்."

"மொதலாளிகிட்ட கேக்கலையா?"

"கேட்டுட்டு அனுப்புறேன்னுதான் சொன்னேன். போன்ல பேசினவரு, 'மாமா காதுகுத்து வேலையா அலையுறாரு, தொந்தரவு பண்ணாதீங்க. ஞாயித்துக்கிழமை பாப்பாவை என் மடியிலதான உக்கார வைக்கணும், அப்பப் பேசிக்கிறேன்'னாரு. சொந்த மச்சினன் மாதிரியே பேசினாரு மேடம்."

"பாத்தீங்களா!" மொக்கையன் மேசையைத் தட்டினார். "நெசத் தமிழ்மாறன் போனே பண்ணலையாம். என் மச்சினன் பேரு, அவன் மில்லு, என் மக காதுகுத்து, இதெல்லாம் வெளியாளுக்கு எப்படித் தெரியும்? என் பொண்டாட்டி பேரைச் சொல்லி, அக்கா நல்லாருக்கான்னு கேட்டிருக்கான். கொட்டாம்பட்டியில இருக்குற என் சித்தப்பா பேரு வரைக்கும் சொல்லியிருக்கான். இவ சொல்லாம யாரு சொன்னது?"

"எனக்கே அவரு சித்தப்பா பேரு தெரியாது மேடம்!" முத்துமீனா அழுதேவிட்டாள். "மில்லோட பழைய நம்பருக்குக் கூப்பிட்டுக் கேக்காம அனுப்புனது என் தப்புதான். ஆனா நான் திருடி இல்ல. கேஸு கீஸுன்னு ஆச்சுன்னா இனிமே எனக்கு யாரு கணக்கு வேலை குடுப்பா?"

"எவனும் குடுக்க மாட்டான். நான் விட மாட்டேன்!" என்றார் மொக்கையன்.

எஸ்.ஐ. எழுந்தார். "பேங்குக்குச் சொல்லியாச்சு, பணத்தை நிறுத்தப் பாக்குறாங்க. உங்க வீட்டு வெவரத்தை அவனுக்குக் குடுத்த ஆளை இப்பவே காட்டுறேன். வெளிய வாங்க."

"அப்படிப் போடுங்க!" மொக்கையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். முத்துமீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனாள்.

வாசலில் நின்று, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார் எஸ்.ஐ.

காளவாசல் சிக்னல் ஓரத்தில், மாடி உயரத்துக்குக் காதணி விழா ஃப்ளெக்ஸ்! மனைவி, மச்சினன், சித்தப்பா என்று சொந்தபந்தம் அத்தனையும் போட்டோ, பேர், ஊர், தொழில், செல் நம்பரோடு நிற்க, நட்டநடுவில் 'அன்புடன் அழைக்கும்' என்று போட்டு, ஊருக்கே கும்பிடு போட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார் மொக்கையன்.