முதல் வரிசையில் ஒரு கைக்குட்டை

அவள் படியேறியபோது சுற்றுலாப் பேருந்தின் முதல் வரிசையில் ஒரு கைக்குட்டை விரிந்து கிடந்தது.

நீலக் கரை போட்டது. அண்ணனுடையது.

ஈரோடு பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு வீசி இடம் பிடித்த கை. அயர்லாந்துக்கு வந்தும் அது சும்மா இருக்கவில்லை.

கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளை அவள் இன்னொரு தடவை பார்த்தாள்.

நான்காம் நாள். முதல் வரிசை. அவள் பெயர்.

தினமும் காலையில் பயணிகள் எல்லாரும் நான்கு வரிசை முன்னால் நகர வேண்டும். முன்னால் இருந்தவர்கள் பின்னால் போக வேண்டும். ஓட்டுநர் வைத்த முறை அது. யாரும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. தாள் சொல்லும்.

முதல் நாள் அவளுக்குக் கடைசி வரிசை. பக்கத்து இடம் காலி என்பதால் குடும்பத்தின் பைகளும் குடைகளும் புளிச்சோற்று டப்பாவும் அவளோடு உட்கார்ந்தன. தாள் அவளை நகர்த்த நகர்த்த, அவையும் கூடவே நகர்ந்தன.

மூன்று நாளாக மழை. மூன்று நாளாகப் பக்கத்துக் கண்ணாடி. கல் வேலி, முதுகில் அடையாளச் சாயம் பூசிய ஆடுகள், மறுபடி கல் வேலி. சரியாகப் பார்ப்பதற்குள் போய்விடும்.

முதல் வரிசையில் எல்லாம் எதிரே வரும்.

அதற்காகவே இன்று எல்லாருக்கும் முன்னால் தயாராகியிருந்தாள்.

அண்ணன் அவள் பின்னாலேயே ஏறினார். கூடவே அவருடைய சம்பந்தியும் சம்பந்தியம்மாவும். நேற்று இரண்டாம் வரிசையில் இருந்தவர்கள். இன்று தாள் அவர்களைப் பின்னால் அனுப்பியிருந்தது.

"சம்பந்திங்க இங்க உட்காரட்டும்," என்றார் அண்ணன். "நீ ஒத்த ஆளுதானே அம்மிணி. எங்க உட்கார்ந்தா என்ன?"

மென்மையான குரல். எப்போதும் மென்மைதான்.

அப்பா படுக்கையில் விழுந்தபோதும் இதே குரல். நீ ஒத்த ஆளுதானே, பார்த்துக்கோ. ஒன்பது வருடம். அப்பா போன பிறகு, நீ ஒத்த ஆளுதானே, மாடியறை போதும்.

போதும் என்றுதான் அவளும் சொன்னாள். அப்போதெல்லாம்.

அவள் கைக்குட்டையை எடுத்தாள். நான்காக மடித்தாள். அண்ணனிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை.

இருக்கைக்கு முன்னால் சின்னதாக ஒரு தடுப்புக் கண்ணாடி இருந்தது. அதன் அடியில் பொருள் வைக்க ஒரு விளிம்பு. கைக்குட்டையை அதில் வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"எங்க உட்கார்ந்தா என்னங்கறீங்க. அப்ப இங்கயே உட்கார்ந்துக்கறனுங்கண்ணா."

"இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க," என்றார் சம்பந்தி. சொன்னாரே தவிர நகரவில்லை.

குடைகளிலிருந்து தண்ணீர் இருக்கைகளுக்கு நடுவே சொட்டியது. படியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மழையில் காத்து நின்றார்கள். அண்ணன் குனிந்தார்.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

வீடு அண்ணனுடையது. மாடியறையின் இன்னொரு சாவி அவரிடம் இருக்கிறது.

"பேசிக்கலாமுங்க," என்றாள்.

ஓட்டுநர் திரும்பினார். தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முதல் வரிசை என ஒரு விரலை உயர்த்தி, அவளிடம் தலையாட்டினார்.

சம்பந்திதான் முதலில் பின்னால் நடந்தார்.

தன் கைப்பையைத் தூக்கி மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். பக்கத்து இடத்தில் எதையும் வைக்கவில்லை. யாரும் வைக்கவும் வரவில்லை.

பேருந்து கிளம்பியது.

துடைப்பான் ஒரு தடவை போய் வந்தது. சாலை வந்தது.

ஈரப் பச்சை இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டது. தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது ஆடாகி, கிட்ட வந்து, நின்று, அவளைப் பார்த்தது. முழு ஆடு. இந்த நான்கு நாளில் முதல் முழு ஆடு.

அவள் சத்தமில்லாமல் சிரித்தாள்.

வளைவு ஒன்றில் பேருந்து சாய்ந்தபோது, இருக்கைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து யாரோ முன்னால் வந்தார்கள்.

அண்ணி.

முப்பது வருடமாக அண்ணனின் காரில் பின் இருக்கையில் போகிறவர். முன்னால் அண்ணனின் சிநேகிதரோ, தம்பியோ, மருமகனோ, எப்போதும் யாராவது இருப்பார்கள்.

அண்ணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பை மடியில் சேர்த்துக்கொண்டார். எதிரே பார்த்தார்.

இரண்டு பேரின் மூச்சில் தடுப்புக் கண்ணாடி மங்கியது. சாலை வெறும் வெளிச்சமாக ஆனது.

அண்ணி விளிம்பிலிருந்த கைக்குட்டையை எடுத்து உதறினார். துடைக்க ஆரம்பித்தார்.

பின்னாலிருந்து அண்ணன் அண்ணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு தடவை.

கண்ணாடியில் இன்னும் ஒரு மூலை பாக்கி இருந்தது.

அண்ணி அதையும் துடைத்தார்.