பூச்சி ஒழியும் வரை

“பூச்சி இருக்குற வரைக்கும் வா. அது ஒழிஞ்சதும் நீயும் இந்தப் பக்கம் வராதே.”

முதல் நாள் வாசலில் நிறுத்தி அப்பா சொன்னது. ஐந்தாவது மாதமும் அதையே சொல்லித்தான் கதவைத் திறந்தார். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் செயற்கைச் சுவாசத்தை நிறுத்தக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். அப்பா பேனாவைத் தொடவே மறுத்துவிட்டார். அதன்பிறகு ஒரு வருடம் அவளோடு பேச்சில்லை. அம்மா வளர்த்த பல்லியின் கண்ணாடிப் பெட்டியில், செடிகளுக்கு நடுவே பொடி ஈக்கள் கிளம்பியபோதுதான் வேறு வழியில்லாமல் கூப்பிட்டார். அவளுக்கு மிருகக்காட்சி சாலையில், ஊர்வன பிரிவில் வேலை.

பெட்டிக்குள் தொங்கிய மஞ்சள் ஒட்டு அட்டையை எடுத்துப் பார்த்தாள். ஈக்கள் ஒட்டிக் கறுத்திருந்தது.

“தண்ணி அதிகமா ஊத்துறீங்களாப்பா?”

“நீ சொன்ன அளவுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது.”

பல்லி இலைக்கடியில் அசையாமல் கிடந்தது. பூச்சி தின்னத்தானே இந்த ஜென்மம், இத்தனை ஈயை வைத்துக்கொண்டு தூங்குகிறதே என்று அப்பா திட்டினார்.

“இதெல்லாம் அதோட பல்லிடுக்குக்குக்கூடக் காணாதுப்பா.”

அவர் சிரிக்கவில்லை. மருந்தடித்தால் ஒரே நாளில் காலி என்று கடைக்காரர் சொன்னதாகச் சொன்னார். பாட்டிலையும் வாங்கி வைத்திருந்தார்.

அவள் கை நின்றது.

“இலையில நிக்கிற தண்ணியத்தான் அது நக்கிக் குடிக்கும். ஈ சாகுற அன்னைக்கே அதுவும் சாகும். அம்மாவோடது மிச்சம் இது ஒண்ணுதான்.”

அப்பா பாட்டிலை எடுத்துப்போய்க் குப்பையில் போட்டார்.

அவள் அழுகிய இலைகளைப் பொறுக்கினாள். மேல் மண்ணை இரண்டு விரற்கடை சுரண்டி எடுத்துக் காய்ந்த மண் போட்டாள். புது அட்டை தொங்கவிட்டாள். ஒரு மணி நேரம் ஆனது. இந்தத் தடவையாவது தீருமா என்று கேட்டார். தீர்ந்துவிடும் என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

டீ கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குப் போனார். கதவையும் சாத்திக்கொண்டார்.

அவள் பைக்குள்ளிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். தன் வீட்டுப் பூந்தொட்டியிலிருந்து அள்ளிவந்த ஈரமண். அதில் நூலிழை போன்ற ஈப்புழுக்கள் நெளிந்தன. செடியின் வேரடியில் கொட்டி, விரலால் மூடினாள்.

சமையலறையில் டீயை ஊற்றி வைத்து நேரமாகிவிட்டது. பெட்டியின் கண்ணாடிக் கதவை அவள் சாத்தும் சத்தம் கேட்கும்வரை, ஒவ்வொரு மாதமும் நிற்பதுபோலவே, அப்பா இரண்டு டம்ளர்களோடு மூடிய கதவுக்குப் பின்னால் காத்துக்கொண்டு நின்றார்.