அரை லிட்டர் குறையுது

ஊசிக்குழாயை மெல்ல இழுத்தார் மருந்துக்கடைக்காரர். கறுப்பாக, கெட்டியாக, மெல்லிய ரப்பர் குழாய் வழியே ஏறியது அது.

"போதும்டா! இதுக்கு மேல உறிஞ்சினா செத்துடும்" என்றாள் பின்னால் நின்ற அக்கா.

"சாகாதுக்கா. அரை லிட்டர் வரைக்கும் தாங்கும்."

ஐந்து முறை இழுத்து ஒரு பாட்டிலில் நிரப்பினார். பிறகு கார் பானெட்டைச் சத்தம் வராமல் சாத்தினார். சொந்தக் காரிலேயே எஞ்சின் ஆயில் திருடும் மனிதர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்.

"எட்டு சனிக்கிழமை, எட்டு பாட்டில். பரண்ல இடமே இல்ல. அந்தப் பொண்ணுகிட்ட வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்."

"சொல்லணும்க்கா" என்றவருக்குக் காது சிவந்துவிட்டது. வயது நாற்பத்தொன்று.

அந்தப் பெண் மெக்கானிக். தனி ஆளாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறாள். இரண்டு மாதம் முன்பு காரில் சிவப்பு விளக்கு எரிய, அலறியடித்துக்கொண்டு அவளிடம் போனார். "ஒண்ணுமில்ல சார், ஆயில் குறைஞ்சிருக்கு" என்று சிரித்தாள். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆயில் கீழே இறங்க ஐந்து நிமிடம் காத்திருந்துதான் அளவு பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள்.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லாம் நடந்தது. அவள் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஒரு எலியைத் துரத்திய கதையைச் சொன்னாள். அவர் டாக்டர் கையெழுத்தைப் படிக்க முடியாமல் டாக்டரையே கூப்பிட, டாக்டராலும் படிக்க முடியாமல் போனதைச் சொன்னார். கன்னத்தில் ஆயில் கறையோடு அவள் சிரித்த சிரிப்பில், வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு திருப்பங்களைத் தவறவிட்டார்.

அடுத்த சனிக்கிழமையும் அந்த ஐந்து நிமிடம் வேண்டியிருந்தது. ஊசிக்குழாய்க்கு அவர் கடையில் பஞ்சமா?

எட்டாவது பாட்டில் நிரம்பிய அன்றும் அவள் அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வழக்கம்போல அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள். ஆயில் கீழ்க்கோட்டில் நின்றது. அவள் சிரிக்கவில்லை.

"ஒழுகல் இல்ல, புகை இல்ல. எங்க சார் போகுது? நேத்து சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்து இதையேதான் யோசிச்சிட்டிருந்தேன். எங்கேயோ நான் கோட்டை விடுறேன். எனக்குத் தொழிலே தெரியலையோன்னு இருக்கு."

மருந்துக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. அந்த முகத்தைப் பார்க்கவா இத்தனை பாடு? வீட்டுக்கு வந்ததும் ஊசிக்குழாயைக் குப்பையில் போட்டார்.

அடுத்த வாரம் ஒரு சொட்டுகூட எடுக்காமல் போனார். அளவு சரியாக இருக்கும், அவள் நிம்மதியாவாள், இதுதான் கடைசி ஐந்து நிமிடம்.

அவள் கம்பியை உருவினாள். கண்மூடித் திறப்பதற்குள் துணியால் துடைத்தாள்.

"குறைஞ்சிருக்கு சார்."

"என்னது!"

"அதே அரை லிட்டர். நீங்க உள்ள போய் உக்காருங்க, நான் ஊத்திடறேன். அடுத்த சனிக்கிழமையும் வந்துடுங்க."

வீட்டுக்குள் ஓடிவந்தார். "அக்கா! நான் எடுக்கவே இல்ல, ஆனாலும் குறையுது!"

"பொய்யா சொல்லிச் சொல்லி, உன் காருக்கே அது பழகிடுச்சுடா" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்கடுத்த வாரமும் குறைந்திருந்தது. மூன்றாவது வாரம் அவள் மறுபடியும் "குறைஞ்சிருக்கு" என்றதும் மருந்துக்கடைக்காரர் உடைந்துபோனார்.

"ஏங்க, நான் ஒரு அயோக்கியன். முதல் தடவை மட்டும்தான் அது தானா குறைஞ்சது. அப்புறம் எட்டு வாரமும் நான்தான் ஊசி போட்டு உறிஞ்சினேன்."

அவள் கையிலிருந்த துணி நழுவியது. "எதுக்கு சார்?"

"அந்த அஞ்சு நிமிஷத்துக்காகத்தான். உங்க பேச்சுக்காக. உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு கேக்கத் தைரியம் இல்ல, ஆயில் எடுக்க மட்டும் தைரியம் இருந்துச்சு. உங்க தொழில் மேலயே உங்களுக்குச் சந்தேகம் வந்ததும் நிறுத்திட்டேன். சத்தியமா மூணு வாரமா தொடவே இல்ல. ஆனா இப்ப நிஜமாவே குறையுது! எஞ்சினை நானே கெடுத்துட்டேன். பிரிச்சுப் பார்த்துடுங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்."

அவள் காரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், தன் செருப்பைப் பார்த்தாள். கறை படாத இடமெல்லாம் முகம் சிவந்திருந்தது.

பிறகு, முதல்முறையாக 'சார்' போடாமல், மெல்லச் சொன்னாள்:

"மூணு வாரமா ஆயில் குறையவே இல்லீங்க."