சிங்களம் தெரியா

இராணுவ முகாமில் நடந்த நேர்முகப் பரீட்சைக்கு மருதமுனை றுஸ்தா போயிருந்தாள். சிங்களம் வராததால் ஏற்கெனவே நாலு வேலைகள் கைநழுவிப் போயிருந்தன. இங்கும் மேஜர் சிங்களத்திலேயே மூன்று கேள்விகள் கேட்டார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சேர், எனக்குச் சிங்களம் தெரியா," என்று சொல்லிவிட்டு, பைலை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"கொஞ்சமும் தெரியாதா?" மேஜர் தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டார்.

"பொய் சொல்லி என்ன சேர்? கொஞ்சமும் தெரியா."

மேஜரின் முகம் மலர்ந்தது.

"முந்தி இங்க தமிழ் படிப்பிச்ச ஆளுக்குச் சிங்களம் நல்லாத் தெரியும். எங்கட சோல்ஜர்மார் அவரோட சிங்களம்தான் கதைச்ச. ஒரு தமிழ்ச் சொல்லும் படிக்கல்ல. உங்களோட தமிழ் கதைக்காம ஏலாது! திங்கக்கிழமை வகுப்புக்கு வாங்க, டீச்சர்."