நாற்றம் தொடங்கும் இடம்

தோல் ஆலைகளின் கழிவுக்கு எவ்வளவு வரி போடலாம் என்று அரசுக்குச் சொல்கிறவர் பொருளாதார நிபுணர் நம்பிராஜன். ஆண்டுக்கொரு முறை கழிவு ஓடும் வாய்க்கால் கரையோடு ஓர் ஆலையை நோக்கி நடப்பார். நாற்றம் மூக்கில் ஏறுகிற இடத்தில் ஒரு கல் நடுவார். பதினெட்டு ஆண்டுகளில் கற்கள் ஆலையை நெருங்கிக்கொண்டே போயின. வரியும் குறைந்துகொண்டே வந்தது. அவருக்கு விருது வாங்கிக்கொடுத்ததும் அந்தக் கற்கள்தான். இந்த முறை கழிவு கொட்டும் குழாய்வரை போயும் வாடையே வரவில்லை. நிறைவோடு குழாயடியில் கல்லை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். புதிதாக வந்த டிரைவர் ஜமீல் முதல் கல்லருகிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

“வாங்க ஜமீல், இங்க ஒண்ணுமே இல்ல,” என்று உரக்கக் கூப்பிட்டார்.

“கொடலப் பொரட்டுது சார். நீங்க எப்படி அங்க நிக்கிறீங்க?”

நம்பிராஜன் கல்லை மறுபடி கையில் எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.