பென்சில் கையெழுத்து

"கையெழுத்து இல்லேன்னா இதெல்லாம் வெறும் காகிதம்மா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் கலைக்கூடக்காரர்.

மேசை நிறைய அச்சு ஓவியங்கள். எதிரே, தொண்ணூறைத் தாண்டிய அம்மாள். மறைந்த மேதையின் மனைவி. விற்றால்தான் கையெழுத்துப் போடுவது வழக்கம், ஒன்று போக மற்றதை ஒருத்தரும் வாங்கவில்லை, அதனால் அப்படியே கிடக்கிறது என்று சாவகாசமாகச் சொன்னார்.

வாஸ்தவம்தான். உலகப் போர் முடிந்த காலத்தில் வட்டமும் கோடுமாக அச்சடித்தவர்களை அன்று நாய்கூடச் சீண்டவில்லை. இப்போதுதான் ஊருக்குத் திடீரென்று கண் திறந்திருக்கிறது. கலைக்கூடக்காரர் ஒரு பழைய சாமான் கடையில், அடியில் குடும்பப் பெயர் மட்டும் பென்சிலால் எழுதிய ஒரே ஒரு அச்சைக் கண்டெடுத்து, அதை வைத்தே மேதையைப் பற்றித் தடிமனாக ஒரு புத்தகம் எழுதிவிட்டார். நாளை வெளியீடு. கையெழுத்தோடு இன்னும் நாலைந்தாவது வேண்டும் என்கிறது அருங்காட்சியகம். இல்லாவிட்டால் கண்காட்சி அம்பேல்.

"இந்தக் கறுப்பு வட்டம் ஒரு ஆம்பளையோட தனிமைம்மா. அய்யா எவ்வளவு தவிச்சிருப்பார். உங்களுக்கு அப்போ புரிஞ்சிருக்காது, அடுப்படியில இருந்திருப்பீங்க."

"இருந்தேன். சாப்பிடணுமே" என்றார் அம்மாள்.

மனுஷன் போய்ச் சேருமுன் கையெழுத்தைப் போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா என்று கலைக்கூடக்காரர் மனதுக்குள் மேதையைத் திட்டினார். வெளியே கண் கலங்கினார்.

அம்மாள் அவர் சட்டைப் பையிலிருந்த பென்சிலை உருவி, தாள்களின் அடியில் மளமளவென்று எழுத ஆரம்பித்தார்.

"ஐயையோ, கள்ளக் கையெழுத்தும்மா. ரெண்டு பேரும் கம்பி எண்ணணும்."

பதறிப்போய்த் தாளைப் பிடுங்கினார். பூதக்கண்ணாடியை வைத்துத் தன் அசலோடு ஒப்பிட்டார். அதே சுழிப்பு, அதே வால். பயம் போய் ஆசை வந்துவிட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அப்படியே இருக்கே. அய்யா கையெழுத்தை எப்பம்மா பழகினீங்க?"

"அவர் கையெழுத்து எனக்கு எதுக்கு? அவர் பஸ் ஓட்டினார், தம்பி. சாயங்காலம் வந்தா அச்சு மெஷின் சக்கரத்தைச் சுத்திக் குடுப்பார், அவ்வளவுதான். படம் போட்டது நான்." அம்மாள் அடுத்த தாளை இழுத்தார். "இத்தனை பெரிய புஸ்தகம் எழுதினீங்களே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"